டேக் தொங்கினால் ஆள் உள்ளே

1. வெசலுக்குள் கேட்ட சத்தம்

என் வேலைக்கு ஹோல் வாட்ச் என்று பெயர். ஓட்டைக்குக் காவல். பெண் பார்க்கப் போனபோது மாமனாரிடம் இதை விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ரிஃபைனரியில் ஷட்டவுன் என்று ஒன்று வரும். மொத்த பிளான்ட்டையும் நிறுத்திவிட்டு, பெரிய பெரிய வெசல்களை, அதாவது ஆள் உயரத்தைத் தாண்டிய இரும்புக் கலன்களைத் திறந்து, ஆட்களை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்வார்கள், வெல்டிங் வைப்பார்கள். ஆள் நுழைகிற வட்ட வாசல்தான் மேன்ஹோல். அந்த வாசலில் நிற்பவன் நான்.

உள்ளே போகிறவன் தன் போட்டோ ஒட்டிய டேக்கை என் பக்கத்துப் போர்டில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் அவனே எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. மேனேஜரே வந்து நின்றாலும் கூடாது. டேக் தொங்கினால் ஆள் உள்ளே. எங்களுக்கு அதுதான் வேதம்.

இன்னொரு விதியும் உண்டு. உள்ளே ஒருவன் மயங்கி விழுந்தாலும் ஹோல் வாட்ச் உள்ளே போகக் கூடாது. வாசலில் நின்று குரல் கொடுக்க வேண்டும், ரேடியோவில் ஆள் கூப்பிட வேண்டும். காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று தலையை விடுகிறவன்தான் இரண்டாவது பிணம். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதை மட்டும் அடித்துச் சொல்வேன். மற்றதெல்லாம் தானே படியும்.

குஜராத் பக்கம் ஒரு ஷட்டவுன். சாப்பாட்டுக்குப் போனபோது எனக்குப் பதில் ஒருவனை நிறுத்திவிட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் போர்டில் ஒரே ஒரு டேக். ஜமாலுடையது. ஜமால் பரங்கிப்பேட்டைக்காரன், ரிக்கர், செயின் பிளாக் கட்டி வெயிட் தூக்குகிறவன். அவனோடு உள்ளே போன மற்றவர்கள் எல்லாரும் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"ஜமால் எங்கடா?" என்றேன்.

"அவன் அப்பவே வந்துட்டானே," என்றான் ஒருவன்.

"எங்க வந்தான்? நாந்தான் கடைசி. நான் வர்றப்ப உள்ளதான் நின்னுகிட்டிருந்தான்," என்றான் இன்னொருவன்.

மேன்ஹோலில் வாயை வைத்துக் கூப்பிட்டேன். "ஜமாலு..." என் குரல் உள்ளே சுற்றிச் சுற்றி எனக்கே திரும்பி வந்தது. அது அடங்கியதும் டக், டக் என்று ஒரு சத்தம். யாரோ விரல் முட்டியால் இரும்பைத் தட்டுகிற மாதிரி. நல்ல உச்சி வெயில். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி தட்டியது.

"உள்ளதான் இருக்கான், உசுரு இருக்கு," என்று குழாயடியில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள். ரெஸ்க்யூ டீம் மூச்சு சிலிண்டர் மாட்டிக்கொண்டு இறங்கியது. உருண்டை வெசலில் மூலை ஏது? இருந்தாலும் மூலை மூலையாக டார்ச் அடித்துத் தேடினார்கள். நான் வெளியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

"யார தேடுறீங்க?" என்று எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். திரும்பினால் கையில் டீயோடு ஜமால். உள்ளே குமட்டியிருக்கிறது. அவசரமாக வெளியே வந்தவன் டேக்கை மறந்து, ரெஸ்ட் ஷெட்டில் போய்ப் படுத்துவிட்டான். எனக்குப் பதில் நின்றவன் அந்த நேரம் தண்ணீர் பிடிக்கத் திரும்பியிருக்கிறான்.

கட்டிப்பிடித்துக்கொண்டோம் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. எல்லாரும் ஓர் அடி பின்னால் போனோம், நானும்தான். ஒருவன் மட்டும் கையை நீட்டி அவன் தோளைத் தொட்டுப் பார்த்தான். அன்று முழுக்க ஜமால் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் டீ குடிக்கவில்லை. "அப்ப உள்ள தட்டுனது யாரு?" என்று சாயங்காலம் ஒருவன் என் காதோடு கேட்டான். வெயில் ஏறினால் இரும்பு விரியும், விரிந்தால் டக் டக் என்னும், எந்த இன்ஜினியரும் சொல்வான். நானும் அதைத்தான் சொன்னேன். கூப்பிட்டபோது மட்டும் ஏன் தட்டியது என்று அவன் கேட்கவில்லை, நல்ல வேளை.

மறுநாள் காலை ஜமாலோடு உள்ளே இறங்க ஒருவனும் தயாராக இல்லை. எங்கள் ஃபோர்மேன் ராஜமாணிக்கம் நெய்வேலிக்காரர், வாய் ஜாஸ்தி. போர்டைப் பார்த்தார். டேக் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஜமால்கூட அதைத் தொடவில்லை.

"டேய் ஜமாலு, இங்க வா. உள்ள போ. போயிட்டு எல்லாரும் பாக்க வெளிய வா. வந்து ஒன் டேக்க நீயே எடு."

"சார், நான் வெளியதான சார் இருக்கேன்?"

"எனக்குத் தெரியும்டா. இவனுங்களுக்கு நீ இன்னும் வெளிய வரல."

கேஸ் டெஸ்ட் எடுத்து, பெர்மிட் போட்டு, ஜமால் உள்ளே போனான். போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்கள் எல்லார் முன்னாலும் வெளியே வந்தான். டேக்கை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். "டீ குடிக்கிறியா மச்சான்?" என்று எவனோ கேட்டான். அதோடு தீர்ந்தது. இந்த ஆள் சரியான கூத்தாடி என்று ஃபோர்மேனைப் பற்றி அன்று நினைத்துக்கொண்டேன்.

2. தூங்குகிற அப்பா

சிதம்பரம் பைபாஸைத் தாண்டி, வயலை பிளாட் போட்ட ஒரு நகரில் எங்கள் வீடு. மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக் கற்கள் கண்ணுக்கெட்டிய வரை நிற்கும், நடுவில் எங்கோ ஒரு வீடு. கீழ்த்தளம் மட்டும் எழுப்பியிருந்தோம். மாடி கட்ட வேண்டும். மாடிக்காகத்தான் நான் ஊர் ஊராக ஓடியது. மாதக்கணக்கில் வெளியே, வாரக்கணக்கில் வீட்டில்.

எல்லாவற்றிலும் நீளமானது ஓமான். ஒரு ஷட்டவுன் முடிந்து ஊருக்கு வராமலே அடுத்ததற்குப் போய்விட்டேன். கிளம்பும்போது மகள் யாழினி தவழ்ந்துகொண்டிருந்தாள், திரும்பும்போது எல்.கே.ஜி. அங்கே வாட்ஸ்அப்பில் வீடியோ கால் எடுக்காது. வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்புவேன். என் மனைவி செல்விக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கி, ஊருக்குப் போன ஒருவனிடம் கொடுத்தனுப்பினேன். என் குரல் பெரிதாகக் கேட்கட்டும் என்று ஆசை.

வேலை சீக்கிரம் முடிந்தது. சொல்லாமல் போய் வாசலில் நிற்க வேண்டும் என்று இருந்தது. மத்தியான வெயிலில் ஆட்டோவை முனையிலேயே விட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஒரு காக்கை இல்லை, நாய் இல்லை. கிரில் கேட்டைப் பிடித்துக்கொண்டு யாழினி நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா உள்ள தூங்குறாங்க. எழுப்பக்கூடாது," என்றாள்.

பெட்டியைக் கீழே வைத்தேன். படியில் ஒரு ஜோடி ஆண் செருப்பு. ஈரமாக இருந்தது, புதுச் சேறு. கொடியில் ஒரு கட்டம் போட்ட சட்டை, அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. கண்டதையும் நினைத்தேன். எழுதக் கூசுகிறது, எழுதாவிட்டால் பொய். அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே பாய வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது.

கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தேன். வைத்த கை நின்றுவிட்டது. மேன்ஹோல் வாசலில் நின்று நின்று ஊறிய உடம்பு. உள்ளே என்ன என்று தெரியாமல் தலையை விடாதே, வெளியே நின்று குரல் கொடு. "செல்வி," என்று கூப்பிட்டேன். குரல் பாதிதான் வந்தது. மறுபடியும் கூப்பிட்டேன்.

பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு ஓடி வந்தாள். என்னைப் பார்த்துவிட்டு அழுதாள், சிரித்தாள், கேட்டைத் திறக்க மறந்து நின்றாள். "இன்னா மாமா இது, மீசைய எங்க?" என்றாள். மீசை வைத்தால் முகத்தில் மாஸ்க் ஒட்டாது, காற்று கசியும், சைட்டில் விட மாட்டார்கள். அதற்குள் நான் குனிந்து செருப்பைப் பார்த்துவிட்டேன். என் பழைய செருப்பு. கட்டைவிரல் பக்கம் நான் தைத்த தையல் அப்படியே இருந்தது. சட்டையும் என்னுடையதுதான்.

சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "நீங்க போன கொஞ்ச நாள்ல ஒருத்தன் வந்தான் மாமா. மோட்டார் ரிப்பேரு பாக்குறேன்னான். ஊட்ல ஆம்பள யாரும் இல்லியான்னு கேட்டுகிட்டே கேட்ட தொறந்து உள்ள வந்துட்டான். எதிர் ஊட்டு ஸ்டெல்லா டீச்சர் வந்து சத்தம் போட்டதும் போனான். மறுநாளு செவுத்துக்கு அந்தாண்ட நின்னு பாத்துகிட்டிருந்தான். அன்னிக்கு வெளிய வெச்சதுதான் அந்தச் செருப்பு."

செருப்பு ஒரே இடத்தில் காய்ந்து கிடந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அதை அவளே போட்டுக்கொண்டு தோட்டத்தில் நடப்பாளாம். வாரம் இரண்டு தடவை என் சட்டையை நனைத்துக் கொடியில் போடுவாளாம். கேட்டில் அந்நிய ஆள் நின்றால், முன்னறையில் வைத்த ஸ்பீக்கரில் என் பழைய மெசேஜ் ஒன்றை வைப்பாளாம். அதில் நான் இருமிவிட்டு, "யாரு? அங்க இன்னா சத்தம்?" என்று ரூம்மேட்டை அதட்டியிருந்தேன். அவளுக்கு அதுதான் தோதாக இருந்திருக்கிறது. குழந்தைக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டாள்: யார் கேட்டாலும் அப்பா உள்ளே தூங்குகிறார்.

"கெட்டிக்காரிடி நீ," என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். என் டேக்கை வெளியே மாட்டி, வீட்டைக் காப்பாற்றியிருக்கிறாள்.

3. முன்னறை

சாயங்காலம் எதிர் பிளாட்டிலிருந்து ஸ்டெல்லா டீச்சர் வந்தார். ரிட்டையர் ஆகித் தனியாக இருப்பவர். "பெட்டி எல்லாம் இருக்கு, எங்கயாவது கிளம்புறீங்களா?" என்று கேட்டார்.

"இன்னிக்குத்தான் டீச்சர் வந்தேன்."

"வெளயாடாதீங்க. நேத்து சாயங்காலம் மொட்ட மாடில நின்னீங்களே. நான் கை காட்டுனேன், நீங்களும் காட்டுனீங்க."

டீச்சர் போனதும் செல்வி குரலைத் தாழ்த்தினாள். "அது நாந்தான் மாமா. ஒங்க சட்டயும் தொப்பியும் மாட்டிகிட்டு அப்பப்ப மேல போயி நிப்பேன். ஆனா நான் யாருக்கும் கை காட்டுனதில்ல." டீச்சருக்குக் கண் மங்கல் என்று சொல்லி முடித்துவிட்டேன்.

யாழினி என்னை மாமா என்று கூப்பிட்டாள். "நான் கூப்புடுறத பாத்துக் கூப்புடுது," என்றாள் செல்வி. நானும் தலையாட்டினேன். ஆனால் கேஸ் சிலிண்டர் போடுகிறவரையும் அவள் அப்படித்தான் கூப்பிட்டாள். நான் வாங்கி வந்த சாக்லேட்டில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியை முன்னறைக் கதவுக்கு அடியில் தள்ளினாள். அந்த அறையில் மிஞ்சிய சிமென்ட் மூட்டையும் சாமானும் கிடந்ததால் எப்போதும் பூட்டியே இருக்கும்.

"அது யாருக்கும்மா?"

"அப்பாவுக்கு."

அடுத்த நாள் மத்தியானம் ஹாலில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். யாழினி பக்கத்தில் உட்கார்ந்து பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். கேட்டில் யாரோ கூப்பிட்டார்கள். உடனே பூட்டிய அறைக்குள்ளிருந்து நான் இருமினேன். "யாரு? அங்க இன்னா சத்தம்?" என்று கேட்டேன்.

படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என் வாய் மூடியிருக்கிறது, என் குரல் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கிறது. ஜமாலைத் தேடியபோதுகூட எனக்கு இப்படி வியர்க்கவில்லை. கேட்டில் கூப்பிட்டவன் கூரியர் கொண்டுவந்தவன். சமையலறையிலிருந்த செல்வி, நான் வீட்டில் இருப்பதை மறந்து, பழக்கத்தில் போனை அமுக்கிவிட்டாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

யாழினி என் கையைப் பிடித்து இழுத்தாள். முதல் தடவையாக அவளாக என்னைத் தொட்டது அப்போதுதான். மெதுவாகச் சொன்னாள்: "அப்பா எழுந்துட்டாங்க. நீங்க போயிடுங்க மாமா. அப்பா திட்டுவாங்க."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சாவியை எடுத்தேன். "வேணாம் மாமா, பயந்துரும்," என்றாள் செல்வி. நான் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து, "பாரும்மா, உள்ள யாரும் இல்ல. நாந்தான் அப்பா," என்று காட்டினேன்.

சிமென்ட் மூட்டை, ஒரு கடப்பாரை, ஜன்னல் கட்டையில் ஸ்பீக்கர். கதவோரம் பிஸ்கட், முறுக்கு, நேற்றைய சாக்லேட். எத்தனை நாளாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாளோ. பல பிஸ்கட்டுகள் பாதி கடித்துக் கிடந்தன. எலிதான். எலி என்றுதான் இன்றும் சொல்கிறேன்.

யாழினி கடித்த பிஸ்கட்டைப் பார்த்தாள், காலி அறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்பா போயிட்டாங்களா?" என்று கேட்டாள். பிறகு அழத் தொடங்கினாள். சாவு வீட்டில் பெரியவர்கள் அழுவதுபோல் நிறுத்தாமல் அழுதாள். அன்று அவள் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் நான் இருக்கும் பக்கமே வரவில்லை. உள்ளே இருந்த அப்பாவைத் துரத்திவிட்ட ஆள் நான். என் வீட்டில் எனக்கே துக்கம், நானே காரணம், நானே மூலையில் உட்கார்ந்திருக்கிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

4. சிப்காட் ஸ்டாப்

அதே வாரம் ஏஜென்ட் கூப்பிட்டார். "கத்தார்ல ஷட்டவுன். கடலூர் ஆபீசுக்கு வந்து பேப்பர வாங்கிகினு அப்டியே மெட்ராஸ் போயிடு. ஒனக்கு இன்னா, வாசல்ல நிக்கிற வேலைதான?"

செல்வியைப் பார்த்தேன். "மாடிக்கு இன்னும் கம்பி கூட வாங்கல," என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், "போனா இப்பவும் செருப்ப வெளிய வெக்கிறேன். பழகிப் போச்சு," என்றாள். இதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

காலையில் கிளம்பினேன். இந்த நாட்களில் மீசை முளைத்திருந்தது, அதை மழிக்கவில்லை. யாழினி கேட்டில் நின்று பெட்டியைப் பார்த்தாள். "டாட்டா மாமா," என்றாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி. நான் பார்த்தேன். பெற்றவன் கண்ணுக்கு அது தப்பாது.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று ஒவ்வொன்றாகப் போனது. சிப்காட் நெருங்கியதும் ஜன்னல் வழியாக அந்தக் கெமிக்கல் வாடை வந்தது. நான் முதன்முதலில் ஹெல்ப்பராக நுழைந்த இடம். எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு மட்டும் அந்த வாடையில் ராஜமாணிக்கம் ஃபோர்மேன் குரல் கேட்டது. இவனுங்களுக்கு நீ இன்னும் வெளிய வரல.

நான் என்ன செய்திருக்கிறேன்? டேக் தொங்குகிற வெசலைத் திறந்து, டார்ச் அடித்து, உள்ளே ஆள் இல்லை என்று காட்டியிருக்கிறேன். அன்று அதைக் காட்டியதாலா எங்கள் ஆட்களுக்குப் பயம் போனது? இல்லையே. ஜமால் உள்ளே போய், எல்லாரும் பார்க்க வெளியே வந்த பிறகுதானே போனது. "எறங்கணும்," என்று எழுந்தேன். "கடலூருக்குல்ல டிக்கெட் எடுத்த?" என்றார் கண்டக்டர். இறங்கி, ரோட்டைத் தாண்டி, எதிரே வந்த சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். ஏஜென்ட் இரண்டு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது யாழினி பள்ளியிலிருந்து இன்னும் வரவில்லை. செல்வியிடம் சொன்னேன். அவள் கொடியிலிருந்த கட்டம் போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்தாள். பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டேன். பெட்டியை சிமென்ட் மூட்டைக்குப் பின்னால் ஒளித்தேன். ஸ்பீக்கரை எடுத்து வெளியே கொடுத்துவிட்டேன். செருப்பை வாசலில் அப்படியே விட்டுவிட்டு, முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எத்தனையோ பேரை வெசலுக்குள் அனுப்பியிருக்கிறேன், நான் ஒரு நாளும் உள்ளே போனதில்லை. இருட்டில் மூட்டை மேல் உட்கார்ந்தேன். தரையில் பிஸ்கட் கிடந்தது. என் பேரில் இங்கே ஒருவன் இருந்திருக்கிறான் என்று அங்கே உட்கார்ந்தால் நம்பாமல் இருக்க முடியாது. அவன் இருமியிருக்கிறான், அதட்டியிருக்கிறான், என் குடும்பத்தை என்னைவிட நன்றாகக் காவல் காத்திருக்கிறான். அவனிடம் கொஞ்சம் தள்ளி உட்காரு என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.

ஸ்கூல் வேன் நின்றது. கேட் சத்தம். சின்னக் காலடி ஹாலுக்கு வந்து நின்றது. இருமினேன். நிஜமாகவே இருமல் வந்தது.

"யாரு?" என்றேன். "அங்க இன்னா சத்தம்?"

பிறகு கதவில் டக், டக் என்று தட்டினாள்.

"நாந்தாம்ப்பா," என்றாள்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். வெளிச்சத்தில் கண் கூசியது. செல்வி சமையலறை வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். யாழினி என் சட்டையைப் பார்த்தாள், மீசையைப் பார்த்தாள். நான் நேராக வாசலுக்குப் போய், அவள் பார்க்கும்படி, என் செருப்பில் கால் நுழைத்தேன். சேறு ஈரமாக இருந்தது.

அந்த மாடி இன்றுவரை கட்டவில்லை, கீழ்த்தளத் தூண்களின் கம்பி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பெர்மிட் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்து, இன்றும் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். வெளிநாட்டு ஷட்டவுனுக்குப் பெயர் கொடுக்கிற பிள்ளைகள் என்னிடம் சம்பளம் எவ்வளவு வரும் என்று கேட்கிறார்கள். அதை ஏஜென்டே சொல்வான். நான் சொல்வது வேறு. நீ இல்லாத வீட்டில் உன் டேக் தொங்கும். அதைப் பார்த்து உள்ளே யாரோ குடிவந்துவிடுவார்கள். திரும்பி வந்து, நான்தான் நான்தான் என்று கத்தினால் போதாது. உள்ளே போய் உட்கார வேண்டும்.

அன்று யாழினி என் விரலைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தாள். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள்.

"அப்பா, அந்தப் பெட்டி வெச்சிருந்த மாமா போயிட்டாங்களா?"

"போயிட்டாருடா."

"திரும்பி வருவாங்களா?"

உள்ளே என் போன் அடித்துக்கொண்டிருந்தது. செல்வி என்னையே பார்த்தாள்.

"வர மாட்டாரு," என்றேன்.